வல்லரசுக்கு வணங்காத சாண்டினோ



பரிசளிப்பு விழா மலர் என்றால் காந்தியடிகளைப் பற்றியோ நேதாஜியைப் பற்றியோ பாரதியாரைப் பற்றியோ யாராவது ஓர் ஆசிரியர் எழுதிவிடுவார். எழுத வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இம்முறை நான் உங்களை வெகுதூரம் அழைத்துப் போகப் போகிறேன். அங்கே ஒரு கண்டம் முழுவதும் பெயர் சொன்னாலே தெரிந்துகொள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். நம் வகுப்பறைகளில் மட்டும் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் பெயர் அகுஸ்தோ சாண்டினோ. நாடு நிக்கராகுவா.

வகுப்பில் உள்ள உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கும் ஒல்லியான இடுப்பு ஒன்று தெரிகிறதல்லவா? அங்கேதான் நிக்கராகுவா இருக்கிறது. பரப்பளவு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியாவும் ஏறக்குறைய அதே அளவுதான்! ஆனால் 1920ஆம் ஆண்டில் அந்த நாட்டின் மக்கள் தொகை ஏழு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டில் வடக்கே இருந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒரு பக்கம் காப்பித் தோட்டம், வாழைத் தோட்டம், மாட்டு வண்டி. இன்னொரு பக்கம் போர்க்கப்பல், வங்கி, ஆகாய விமானம். இந்த இரண்டு பேரும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாண்டினோவின் கதை அதுதான்.

கதைக்குள் போகுமுன் கொஞ்சம் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். 1823இல் அமெரிக்க அதிபர் மன்ரோ ஓர் அறிவிப்புச் செய்தார். ஐரோப்பிய அரசுகள் அமெரிக்கக் கண்டங்களில் இனிமேல் புதிதாக நாடு பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்பெயினிடமிருந்து அப்போதுதான் விடுதலை பெற்ற நாடுகளுக்குக் காவல் கிடைத்தது போலத் தோன்றியது. ஆனால் காவலுக்கு வந்தவரே பிறகு வீட்டுச் சாவியையும் கேட்கலானார். 1855இல் வில்லியம் வாக்கர் என்னும் அமெரிக்கர் சில பத்துக் கூலிப்படையினரோடு நிக்கராகுவாவில் வந்து இறங்கினார். மறு ஆண்டே தம்மைத் தாமே அந்த நாட்டின் அதிபராக்கிக்கொண்டார். ஒழிந்துபோயிருந்த அடிமை முறையை மீண்டும் சட்டமாக்கினார். மத்திய அமெரிக்க நாடுகள் ஒன்று சேர்ந்து அவரை விரட்டின. 1904இல் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் மன்ரோவின் அறிவிப்புக்கு ஒரு வால் சேர்த்தார். அண்டை நாடு ஒழுங்காக நடக்காவிட்டால், கடனைக் கட்டாவிட்டால், அங்கே போலீஸ் வேலை பார்க்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்றார்.

நிக்கராகுவாவின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கண்? தண்ணீர்தான் காரணம். அந்த நாட்டில் கடல் போன்ற பெரிய ஏரி ஒன்றும், அதிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஓடும் சான் ஹுவான் ஆறும் இருக்கின்றன. ஏரியின் மேற்குக் கரையில் கொஞ்சம் நிலத்தை வெட்டிவிட்டால் ஒரு சமுத்திரத்திலிருந்து மறு சமுத்திரத்துக்குக் கப்பல் போகும். அமெரிக்கா கடைசியில் பனாமாவில்தான் கால்வாய் வெட்டியது. இருந்தாலும் வேறு யாரும் நிக்கராகுவாவில் போட்டிக் கால்வாய் வெட்டிவிடக் கூடாதே! அந்நாட்டு அதிபர் செலாயா பிற நாடுகளோடு பேசுகிறார் என்ற சந்தேகம் எழுந்தது. 1909இல் அமெரிக்காவின் ஆதரவோடு கலகம் மூண்டு அவர் பதவி இழந்தார். பின்னர் அதிபரான அடோல்போ டியாஸ், அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கிராணி வேலை பார்த்தவர் நாட்டை ஆளக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஆளலாம். ஆனால் பழைய முதலாளிக்கே தொடர்ந்து கணக்கு எழுதினால் என்ன செய்வது? 1911 முதல் நாட்டின் சுங்க வரியை வசூலிப்பவர் ஓர் அமெரிக்கர். நியூயார்க் வங்கிக்காரர்களிடம் கடன். அந்தக் கடனுக்காக இரயிலும் தேசிய வங்கியும் அவர்கள் கையில். 1914இல் கையெழுத்தாகி 1916இல் உறுதியான ஓர் ஒப்பந்தப்படி, 30 லட்சம் டாலருக்குக் கால்வாய் வெட்டும் உரிமை என்றென்றைக்குமாக அமெரிக்காவுக்குப் போனது. அந்தப் பணத்திலும் பெரும்பகுதி பழைய கடனுக்கே கழிந்தது.

இப்படிப்பட்ட நாட்டில், 1895ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், நிக்கினோமோ என்னும் சிற்றூரில் நம் நாயகர் பிறந்தார். அன்னை மர்கரீத்தா கல்தெரோன், பூர்வகுடி வழிவந்த கூலிப் பெண். காப்பிப் பழம் பறிப்பதும் வீட்டு வேலை செய்வதும் அவர் பிழைப்பு. தந்தை கிரகோரியோ சாண்டினோ, அதே ஊரில் நிலம் உள்ளவர். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. ஆகவே பிள்ளைக்குத் தந்தையின் பெயர் இல்லை. தாயின் குடும்பப் பெயரான கல்தெரோன்தான் அவருக்கு முதலில் இருந்தது. தாயோடு தோட்டம் தோட்டமாகப் போய் அவரும் காப்பி பறித்தார்.

அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்ததாக அவரே பிற்காலத்தில் ஓர் எழுத்தாளரிடம் சொன்ன செய்தி ஒன்று உண்டு. அன்னை வாங்கியிருந்த சிறிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையாம். அதற்காகச் சிறையில் போட்டுவிட்டார்கள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் பிள்ளையும் கூடவே போனான். கர்ப்பமாக இருந்த அன்னைக்கு அந்தச் சிறையிலேயே கரு கலைந்தது. இரவு முழுவதும் பக்கத்தில் இருந்தது அந்த ஒன்பது வயதுப் பையன் மட்டும்தான். கடவுள் ஏன் இப்படிச் செய்கிறார், சட்டம் ஏன் பணக்காரன் பக்கமே நிற்கிறது என்று அன்றுதான் அவர் முதன்முதலில் கேட்டுக்கொண்டாராம். ஒன்பது வயது என்றால் நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. இதற்குமேல் நான் ஒன்றும் எழுத விரும்பவில்லை.

சில காலம் கழித்துத் தந்தை அவரைத் தம் வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் சட்டப்படியான மகன் சோக்ரட்டீஸ் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவான். இவர் வேலை செய்து சாப்பிட வேண்டும். இருந்தும் பள்ளிக்கூடம் கிடைத்தது, புத்தகம் கிடைத்தது. பிற்காலத்தில் அந்தத் தம்பி சோக்ரட்டீஸே இவரோடு சேர்ந்து போராடி, இவர் இறந்த அதே இரவில் உயிரையும் கொடுத்தார் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். வீட்டுக்குள் பேதம் பார்த்தவர்கள் பெரியவர்கள்தான், பிள்ளைகள் இல்லை.

1912இல் டியாஸ் அரசை எதிர்த்துக் கலகம் எழுந்தது. டியாஸ் அமெரிக்காவிடம் உதவி கேட்டார். 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வந்து இறங்கினார்கள். கலகத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் செலெதோன் என்னும் இளம் வழக்கறிஞர் பணிய மறுத்து அக்டோபர் 4ஆம் நாள் உயிரிழந்தார். அவர் உடலை எடுத்துப் போனபோது சாண்டினோ அதைத் தம் ஊரிலேயே கண்ணால் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 17. கலகம் அடங்கிய பிறகும் சுமார் 100 வீரர்கள் தூதரகக் காவல் என்ற பெயரில் தலைநகர் மனாகுவாவிலேயே தங்கிவிட்டார்கள். 1925 வரை தங்கினார்கள்! நூறு பேர்தானே என்று நினைக்க வேண்டாம். பெரிய துரையின் ஆள் வாசலில் நின்றால் போதும், வீட்டுக்குள் எல்லாரும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

சாண்டினோ உடனே துப்பாக்கி தூக்கிவிடவில்லை. தானிய வியாபாரம் பார்த்தார், கல்யாணத்துக்கு ஏற்பாடும் நடந்தது. அந்த நேரத்தில் ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் மகனோடு தகராறு வந்து, சாண்டினோ அவனைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டார். காரணத்தைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எதுவானாலும் அது அவர் வாழ்க்கையில் பெருமைப்படும் சங்கதி இல்லை. ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்க்கை நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். ஹோண்டுராஸ் நாட்டில் அமெரிக்கக் கம்பெனியின் சர்க்கரை ஆலையில் வேலை. குவாத்தமாலாவில் யுனைட்டெட் புரூட் கம்பெனியின் வாழைத் தோட்டத்தில் வேலை. அந்தக் கம்பெனி சாதாரணக் கம்பெனி இல்லீங்க. மத்திய அமெரிக்காவில் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம், இரயில் பாதை, துறைமுகம், கப்பல், கடை எல்லாம் அதற்கு இருந்தன. தோட்டத்துக்குள் சட்டம் என்பது கம்பெனி மேலாளர் சொல்வதுதான். பிறகு 1923இல் மெக்சிகோ போய்த் தம்பிக்கோ பகுதியில் எண்ணெய்க் கம்பெனிகளில் சேர்ந்தார். மெக்சிகோ அப்போதுதான் பெரும் புரட்சியைக் கடந்து வந்திருந்தது. அங்கே தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. மண்ணுக்கு அடியில் இருக்கும் எண்ணெய் நாட்டுக்குச் சொந்தம் என்று அரசியல் சட்டமே சொன்னது. சாண்டினோ இதையெல்லாம் கேட்டார், படித்தார், கூட்டங்களுக்குப் போனார்.

அங்கேதான் அவருக்கு ஒரு குத்தல் விழுந்தது. கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரர்கள் நிக்கராகுவாக்காரர்களைத் தாய்நாட்டை விற்றவர்கள் என்று கேலி செய்தார்களாம். தாம் விற்கவில்லை, யாரோ பெரியவர்கள் விற்றார்கள் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு யோசித்தார். விற்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கும் அதில் பங்கு உண்டல்லவா என்று அவருக்குப் பட்டது. 1926இல் சேமித்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் வடக்கு மலைப்பகுதியில் சான் அல்பீனோ என்னும் தங்கச் சுரங்கத்தில் கணக்கர் வேலையில் சேர்ந்தார். சுரங்கம் அமெரிக்கருக்குச் சொந்தம். சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளம் ரொக்கமாகக் கிடையாது, சீட்டுத்தான். அந்தச் சீட்டு கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். கடையில் விலையோ ஆனை விலை, குதிரை விலை! தரையில் படுத்து, இருமி இருமி வேலை செய்தார்கள். நம் தோட்டத்துப் பாட்டிமார் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சம்பள நாளன்றே கடைக் கணக்குப் புத்தகம் வாசலில் வந்து நின்ற காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். இந்த முறை உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. மாலை வேளையில் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து, மெக்சிகோவில் சங்கம் எப்படி நடக்கிறது என்று சாண்டினோ விளக்கினார். கடைசியில் 29 பேர் அவரோடு வரத் தயாரானார்கள். தம் சேமிப்பில் பழைய துப்பாக்கிகள் வாங்கினார்.

அப்போது நாட்டில் மீண்டும் உள்நாட்டுப் போர். டியாஸ் மறுபடியும் அதிபர், அமெரிக்கப் படையும் மறுபடியும் வந்துவிட்டது. எதிர்த்தரப்பான லிபரல் கட்சியின் தளபதி மொன்காடா. சாண்டினோ ஆயுதம் கேட்டு, கோக்கோ ஆற்றில் படகில் பல நாள் போய், கிழக்குக் கரைத் துறைமுகமான புவெர்த்தோ கபேசாசை அடைந்தார். கிராமத்து ஆள், யாருக்கும் தெரியாத ஆள் என்று தலைவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அமெரிக்கப் படை துறைமுகத்தில் இறங்கி, லிபரல் படை ஆயுதங்களை விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டது. அவசரத்தில் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளில் சிலவற்றைத் துறைமுகத்து ஏழைப் பெண்கள் இராத்திரியில் தேடி எடுத்துச் சாண்டினோவிடம் கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் கொடுக்காததை, ஊர் ஒதுக்கி வைத்த பெண்கள் கொடுத்தார்கள். சாண்டினோ இதைக் கடைசி வரை மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

1927 மே 4ஆம் நாள் திப்பித்தாப்பா என்னுமிடத்தில், ஒரு முள்மரத்தடியில், அமெரிக்க அதிபரின் தூதர் ஸ்டிம்சனும் மொன்காடாவும் பேசினார்கள். இரு தரப்பும் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கும் துப்பாக்கி ஒன்றுக்கு 10 டாலர். 1928இல் அமெரிக்கர் மேற்பார்வையில் தேர்தல். தேசியக் காவல் படை என்று புதிய படை ஒன்று உருவாகும், அதை அமெரிக்க அதிகாரிகளே பயிற்றுவிப்பார்கள். அடுத்த அதிபர் நாற்காலி மொன்காடாவுக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது. லிபரல் தளபதிகள் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும் தம் ஆட்களோடு மலைக்குத் திரும்பினார். யாரென்று சொல்ல வேண்டுமா?

அதே மே 18ஆம் நாள், தமது 32ஆவது பிறந்த நாளன்று, சான் ரபேல் டெல் நோர்த்தே ஊரின் தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்த பிளாங்கா அராவுஸ் என்னும் பெண்ணை மணந்தார். இரண்டே நாளில் மலையேறினார். அமெரிக்கப் படை அதிகாரி ஹாட்பீல்ட் சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். மறுப்புக் கடிதம் போனது. ஜூலை 16ஆம் நாள் ஒக்கோத்தால் நகரில் ஹாட்பீல்டின் படையை விடியற்காலையில் தாக்கினார் சாண்டினோ. பிற்பகலில் மனாகுவாவிலிருந்து ஐந்து விமானங்கள் வந்தன. மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டன. விமானங்கள் அணியாக வந்து அப்படிப் பாய்ந்து குண்டு வீசிய உலகின் முதல் சில தாக்குதல்களில் அதுவும் ஒன்று என்று இராணுவ நூல்கள் சொல்கின்றன. ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்துப் பழகாத குடியானவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அமெரிக்கர் தரப்பில் இறந்தவர் ஒருவர்.

அந்த நாளோடு சாண்டினோ ஊருக்குள் நின்று சண்டை போடுவதை விட்டார். அடிப்பது, மறைவது, மழையையும் சேற்றையும் துணைக்கு வைத்துக்கொள்வது என்று மாறினார். செப்டம்பரில் அவர் படைக்கு நிக்கராகுவா தேசிய இறைமைப் பாதுகாப்புப் படை என்று பெயர் சூட்டினார். சம்பளம் இல்லாத படை! பகைவரிடம் பறித்ததுதான் ஆயுதம். போதாததற்குச் சார்டின் டின்னில் கல்லும் வெடிமருந்தும் அடைத்துக் குண்டு செய்துகொண்டார்கள். எல் சிப்போத்தே என்னும் மலையில் அவர்கள் முகாம். 1928 ஜனவரியில் விமானங்கள் பல நாள் அந்த மலையைக் குண்டு வீசிக் கலக்கின. பிறகு வீரர்கள் மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், தொப்பி போட்ட வைக்கோல் பொம்மைகள்! சாண்டினோவும் ஆட்களும் எப்போதோ நழுவிவிட்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்கப் பத்திரிகையாளர் கார்ல்டன் பீல்ஸ் காட்டு வழியாக வந்து அவரைச் சந்தித்து, எழுதிய கட்டுரைகளை அமெரிக்காவிலேயே வெளியிட்டார். கொள்ளைக்காரன் என்று அரசாங்கம் சொல்லிவந்த ஆள், படித்த, அமைதியாகப் பேசுகிற, ஐந்தரை அடிகூட இல்லாத ஒரு மனிதர் என்று அமெரிக்க மக்கள் தெரிந்துகொண்டார்கள். இதையும் நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசாங்கம் வேறு, அமெரிக்க மக்கள் வேறு. படையைத் திருப்பி அழையுங்கள் என்று அங்கேயே பலர் குரல் கொடுத்தார்கள்.

சாண்டினோவின் படையில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பார்கள். சண்டையின்போது மறைவில் நின்று கூச்சல் போட்டும் வேட்டு வெடித்தும், பெரும் படை நிற்பது போலக் காட்டுவது அவர்கள் வேலையாம். தேவதைகளின் பாட்டுக்குழு என்று அவர்களுக்குச் செல்லப் பெயர்கூட உண்டு. இதைப் பெருமையாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் முடியவில்லை. தினமும் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறவன் நான். அதேபோல அவருடைய தளபதிகள் சிலர், முக்கியமாகப் பெத்ரோன் அல்தமிரானோ, காட்டிக்கொடுத்தவர்களைக் கொன்ற விதம் மிகக் கொடுமையானது. 1931இல் கிழக்குக் கரையில் அமெரிக்கப் பழக் கம்பெனியின் இடங்களைத் தாக்கியபோது ஆயுதமில்லாத ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். எதிர்த் தரப்பின் கொடுமையும் குறைவில்லை. குடியானவர் வீடுகள் எரிந்தன, விமானக் குண்டில் கிராமங்கள் காலியாயின, ஏராளமானோர் ஹோண்டுராஸ் எல்லையைக் கடந்து ஓடினார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது மாலை மரியாதை ஆகுமே தவிர வரலாறு ஆகாது.

1928இல் அமெரிக்கப் படையின் எண்ணிக்கை 5,000 அளவுக்கு உயர்ந்தது. தேர்தலில் மொன்காடா வென்றார். 1929இல் சாண்டினோ உதவி தேடி மெக்சிகோ போனார். மெரிடா நகரில் ஏறக்குறைய ஓராண்டு காக்க வைத்தார்கள். வாக்குறுதி கிடைத்தது, உதவி கிடைக்கவில்லை. 1930இல் வெறுங்கையோடு திரும்பி மறுபடி மலையேறினார். அதே காலத்தில் உலகப் பொருளாதாரம் விழுந்தது. நம் நாட்டிலும் இரப்பர் விலை சரிந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஆண்டுகள் அவை. அமெரிக்காவிலும் வேலையில்லாதவர் வரிசையில் நின்றார்கள். தூர தேசத்துக் காட்டில் ஏன் பணத்தையும் பிள்ளைகளையும் கொட்ட வேண்டும் என்ற கேள்வி வாஷிங்டனிலேயே வலுத்தது. கடைசியில் 1933 ஜனவரி 2ஆம் நாள் அமெரிக்கப் படையின் கடைசிப் பிரிவும் கப்பலேறியது. முந்தின நாள்தான் லிபரல் கட்சியின் சகாசா புதிய அதிபராகப் பதவியேற்றிருந்தார்.

இப்போது சாண்டினோ என்ன செய்தார் தெரியுமா? அந்நியப் படை போனால் ஆயுதத்தைக் கீழே வைப்பேன் என்று சொல்லி வந்திருந்தார். சொன்னபடி செய்தார். ஒரு மாதம்தான். பிப்ரவரி 2ஆம் நாள் மனாகுவாவுக்கு விமானத்தில் வந்து இறங்கி, சகாசாவோடு சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தமக்கென்று பதவி கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. ஆட்களுக்குப் பொது மன்னிப்பும், கோக்கோ ஆற்றங்கரையில் விவசாயம் செய்ய இடமும் கேட்டார். காவலுக்கு 100 பேர் மட்டும் ஆயுதத்தோடு இருக்கலாம் என்று முடிவாயிற்று. விவிலி என்னும் இடத்தில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார்கள். காட்டை வெட்டினார்கள், பயிர் வைத்தார்கள். அந்த ஜூன் மாதம் மனைவி பிளாங்கா பிரசவத்தில் இறந்துபோனார். பெண் குழந்தை பிழைத்தது. தாயின் பெயரையும் மலைநாட்டின் பெயரையும் சேர்த்து பிளாங்கா செகோவியா என்று பெயரிட்டார்கள்.

அமெரிக்கப் படை போய்விட்டது. ஆனால் அது பெற்று வளர்த்த பிள்ளை ஊரிலேயே இருந்தது. அதுதான் தேசியக் காவல் படை. அதன் தலைவர் அனஸ்தாசியோ சொமோசா. பிலடெல்பியாவில் படித்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுவார். ஸ்டிம்சனுக்கு மொழிபெயர்த்தவரே அவர்தான். அமெரிக்கத் தூதரின் ஆதரவால் அந்தப் பதவி கிடைத்தது. அதோடு அதிபர் சகாசாவின் சகோதரி வழி உறவில் பெண் எடுத்தவர். சொந்தக்காரன்தானே என்று சகாசா நம்பினார் போலும். காவல் படையினர் சாண்டினோவின் பழைய ஆட்களை அங்கங்கே பிடிப்பதும் கொல்லுவதுமாக இருந்தார்கள். அரசியல் சட்டத்துக்கு உட்படாத இப்படி ஒரு படை நாட்டில் இருக்கலாமா என்று சாண்டினோ வெளிப்படையாகக் கேட்டார். அதைப் பேசித் தீர்க்கத்தான் 1934 பிப்ரவரியில் மீண்டும் மனாகுவா வந்தார். சொமோசாவும் அவரும் கட்டித் தழுவி நிற்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி என்றே சொல்லத் தோன்றும்.

பிப்ரவரி 21 இரவு. திஸ்காப்பா குன்றின் மேலிருந்த அதிபர் மாளிகையில் விருந்து. சாண்டினோ, அவர் தந்தை கிரகோரியோ, தளபதிகள் எஸ்திராடா, உமன்சோர், அமைச்சர் சல்வத்தியேரா ஆகியோர் சாப்பிட்டுவிட்டுக் காரில் இறங்கி வருகிறார்கள். குன்றின் அடியில் காவல் படை வண்டியை மறித்தது. தந்தையையும் அமைச்சரையும் தனியே அடைத்துவிட்டு, சாண்டினோவையும் இரு தளபதிகளையும் விமானத் திடல் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். வெடிச்சத்தம் தந்தையின் காதில் விழுந்தது. அதே நேரம் அமைச்சரின் வீட்டைத் தாக்கித் தம்பி சோக்ரட்டீசையும் கொன்றார்கள். உத்தரவு போட்ட சொமோசா அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? ஒரு கவிதை நிகழ்ச்சியில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார். சாண்டினோவுக்கு அப்போது வயது 38. அடுத்த சில நாட்களில் படை விவிலிக்குப் போய்ப் பண்ணையை அழித்தது. ஆண், பெண், குழந்தை என்று 300க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் விமானத்துக்கும் பீரங்கிக்கும் அகப்படாதவர் ஒரு விருந்துக்குப் போய் அகப்பட்டுக்கொண்டாரே என்று சிலர் அவரை ஏமாளி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் தன் கையெழுத்தை மதித்தான், அவ்வளவுதான். வெட்கம் மறுபக்கத்துக்குத்தான்.

சொமோசா 1936இல் மாமன் சகாசாவையே தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். 1956இல் அவர் சுடப்பட்டு இறந்த பின் மூத்த மகன், அதன்பின் இளைய மகன் என்று 1979 வரை அந்தக் குடும்பமே நாட்டை ஆண்டது. வாஷிங்டன் பெரும்பாலும் அவர்களோடு நல்ல உறவில்தான் இருந்தது. வல்லரசு நேரே வந்து நின்றால் பகை வரும், உள்ளூர் ஆளை வைத்து நடத்தினால் செலவும் குறைவு. 1961இல் சாண்டினோவின் பெயரில் ஓர் இளைஞர் இயக்கம் தொடங்கியது. அவர்களுக்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? சாண்டினோ கொல்லப்பட்ட இரவில் அமைச்சர் வீட்டிலிருந்து காயத்தோடு தப்பிய சாந்தோஸ் லோப்பஸ். சிறு பையனாகச் சாண்டினோவின் படையில் சேர்ந்தவர், கிழவராகி அவர்களுக்கு மலைப்பாதைகளைக் கற்றுக்கொடுத்தார். 1979 ஜூலையில் அந்த இயக்கம் சொமோசா ஆட்சியை வீழ்த்தியது.

பிறகும் நிம்மதி இல்லை. 1980களில் அமெரிக்கா கொண்ட்ரா என்னும் கலகப் படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. துறைமுகங்களில் கண்ணிவெடிகளும் வைத்தது. சின்ன நாடு நீதிமன்றத்துக்குப் போனது! ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் 1986 ஜூன் 27ஆம் நாள், அமெரிக்கா சட்டத்தை மீறியது, நட்ட ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 1991இல் மனாகுவாவில் இருந்த வேறோர் அரசு அந்த வழக்கையே திரும்பப் பெற்றது. கால்வாய் ஒப்பந்தம் மட்டும் அதற்கு முன்பே, 1971இல், இரத்தாகியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சாண்டினோவின் பெயரைக் கட்சிப் பெயராக வைத்திருக்கும் ஒர்த்தேகா அரசு, 2018இல் தெருவில் இறங்கிய சொந்த மக்களைச் சுட்டது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதிர்த்து நின்ற மாணவர்களும் சிறை சென்றார்கள். அவர்களில் சிலர் கையிலும் சாண்டினோவின் படம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

திஸ்காப்பா குன்றின் மேல், அவர் கடைசியாக உணவருந்திய மாளிகை இருந்த இடத்துக்கு அருகில், இன்று பெரிய இரும்புத் தகடு ஒன்று நிற்கிறது. அகலத் தொப்பியும் பூட்சும் போட்ட ஒரு மனிதரின் நிழல் உருவம். முகம் கிடையாது, வெறும் கறுப்பு. மனாகுவாவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அவர் உடலைப் புதைத்த இடம் மட்டும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.